ஐஸ் அறையில் ரோசா அக்கா

எங்கள் பக்கத்தில் குளிர் என்றால் மார்கழி விடியலில் ஒரு துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொள்வது. அவ்வளவுதான். பாறசாலை ரயில் நிலையத்தில் ஒருவன் ஸ்வெட்டர் போட்டு நின்றால் ஒன்று அவன் வடக்கே இருந்து லீவில் வந்த பட்டாளக்காரன், இல்லையென்றால் காய்ச்சல்காரன். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிமலை ஏறுகிற பட்டாளக்காரனுக்குக் கையுறை தைக்க ஒருவர் கிளம்பினார். பெயர் ராஜதாஸ், எங்கள் முதலாளி. அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வாயும் உண்டு, விஷயமும் உண்டு. ஆனால் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. அதனால் அவரை விட்டுவிட்டு ரோசா அக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

ராஜதாஸ் அண்ணன் பழைய அண்டியாப்பீஸ் கட்டடம் ஒன்றில், முன்பு பெண்கள் முந்திரிக்கொட்டை தல்லி உடைத்துக்கொண்டிருந்த அதே கூடத்தில், தையல் மெஷின்களைப் போட்டு மழைக்கோட்டு தைத்துக்கொண்டிருந்தவர். நான் ஸ்வப்னா, அங்கே துணி வெட்டுகிறவள். பெருங்கடவிளையில் இருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறேன். மழை பெய்தால் எங்களுக்குச் சோறு. மழை பொய்த்தால் முதலாளி முகத்தைப் பார்க்கச் சகிக்காது. அப்படி மழை பொய்த்த ஒரு வருஷம் அவர் ரயிலேறி வடக்கே போனார். ராணுவத்துக்குக் குளிர் உடுப்பு கொடுக்கிற ஒரு கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி, கையுறை மட்டும் தைத்துத் தருகிற ஆர்டரோடு வந்து இறங்கினார். பெண்கள் எல்லாரும் கைதட்டினோம். பாதிப் பேர் வாழ்க்கையில் கையுறையைக் கண்ணால் கண்டதில்லை.

அந்தக் கையுறை சினிமாவில் காண்கிற மாதிரி ஐந்து விரல் கையுறை அல்ல. கட்டைவிரலுக்கு ஓர் அறை, சுட்டுவிரலுக்கு ஓர் அறை, மிச்ச மூன்று விரலும் ஒரே பைக்குள். விரல்கள் சேர்ந்திருந்தால்தான் ஒன்றுக்கு ஒன்று சூடு கொடுக்குமாம். சுட்டுவிரல் மட்டும் தனியாக இருப்பது துப்பாக்கியின் டிரிகரை இழுக்க. வம்பு அங்கேதான் இருந்தது. டிரிகரைச் சுற்றி இரும்பு வளையம் ஒன்று உண்டு. கையுறைக்குள் தடித்த உள்துணி வைத்தால் குளிர் வராது, ஆனால் விரல் அந்த வளையத்துக்குள் போகாது. மெல்லிய உள்துணி வைத்தால் விரல் போகும், குளிரும் கூடவே போகும். கம்பெனிக்காரர்கள் இரண்டு துணியையும் அனுப்பி, போட்டுப் பார்த்து எது சரியோ அதை வைத்துத் தையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளியின் ஆசை மெல்லிய துணி மேல். அது மெஷினில் வழுக்கிக்கொண்டு ஓடும், வேலை சீக்கிரம் முடியும். தடித்த துணியோ ஊசியை ஒடிக்கும்.

போட்டுப் பார்க்கத் துப்பாக்கிக்கு எங்கே போக? கிருஷ்ணன்குட்டி ஆசாரி பலாக்கட்டையில் ஒன்று செய்து கொடுத்தார். பிடிக்குள் இரும்பை வைத்து எடை கூட்டி, ஸ்பிரிங் போட்டு நல்ல ஒரு டிரிகரும் மாட்டியிருந்தார். கறுப்புப் பெயின்ட் அடித்ததும் அது அச்சு அசல் துப்பாக்கியாகிவிட்டது. முதலாளியின் அக்கா மகன் பிரதீஷ் அப்போது லீவில் வந்திருந்தான். பனிமலையில் இருந்து இறங்கி வந்தவன், முகம் கருகிப்போய், மூக்கு நுனி தோலுரிந்து இருந்தான். அவன்தான் துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்று எங்களுக்குக் காட்டித் தந்தான். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொருத்தியும் குறி பார்த்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

"சிரிக்காதுங்கோ அக்கா," என்றான் அவன். "மேல இரும்ப வெறுங்கையால தொட்டா ஒட்டிப் பிடிச்சிக்கும். பறிச்சா தோலு அதுல இருக்கும். கிளவுச கழட்டிட்டு சுடலாம்னு நெனச்சா நடக்காது."

"தணுப்பு அவ்வளவு நோவுமா மக்கா?" என்று சத்யபாமா அக்கா கேட்டாள். மெஷின் ஓட்டுகிறவர்களில் மூத்தவள் அவள். குளிரை எங்கள் பக்கத்தில் தணுப்பு என்போம்.

"நோவு இருக்கது வரைக்கும் பயம் இல்ல. நோவு நிக்கும் பாருங்கோ, அதாக்கும் பயம். பின்ன விரலு நம்முடையது இல்ல."

குளிருக்கு எங்கே போக என்பது அடுத்த கேள்வி. அதற்குக் கடற்கரைதான் வழி. காரோடு ஊரைத் தாண்டிக் கடலோரமாக மீன் கம்பெனி ஒன்று இருக்கிறது. கணவாயும் இறாலும் உறைய வைத்துக் கப்பலேற்றுகிற இடம். அங்கே ஓர் ஐஸ் அறை உண்டு. கதவைத் திறந்தாலே புகை வரும். அந்த மானேஜர் முதலாளிக்குக் கூட்டாளி என்பதால் மத்தியானம் கொஞ்ச நேரம் அறையைப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதித்தார். உண்ணியின் ஆட்டோவில் நானும் சத்யபாமா அக்காவும் முதலாளியும் துப்பாக்கியோடு புறப்பட்டோம். ஆட்டோவுக்கு வெளியே குழல் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். ஆசாரியின் வேலை என்று தெரிந்ததும் அவரும் வாங்கி ஒரு தரம் குறி பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

சத்யபாமா அக்கா கையுறை மாட்டி, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ராணி மாதிரி உள்ளே போனாள். போன வேகத்தில் வெளியே வந்தாள். "எனக்க அம்மோ, செத்தேன்!" என்று முற்றத்து வெயிலில் போய் மல்லாந்துவிட்டாள். கையைக் கேட்டால் காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

அப்போது ஒரு பெரிய சிரிப்பு கேட்டது. தலையில் மீன் டிரேயோடு ஒருத்தி நின்று சிரிக்கிறாள். கைலி கட்டி, மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, கறுத்து உயர்ந்த உடம்பு. சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளி உள்ளே போனாள், டிரேயை வைத்தாள், வேறு நாலு டிரேயை நகர்த்தி அடுக்கினாள், ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நிதானமாக வெளியே வந்தாள். வெறும் கை. முதலாளி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவளாக்கும் ஆளு," என்றார்.

எங்கள் எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. கடலில் இறங்க நீச்சல்காரனைத்தானே கூப்பிடுவோம். குளிருக்கு, குளிரில் கிடந்தவள். இப்படித்தான் ரோசா அக்கா எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

அவள் கதை கடற்கரையில் எல்லாருக்கும் உள்ள கதைதான். அப்பனுக்கு வள்ளம், அம்மைக்கு மீன் கூடை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஐஸ் கட்டியைக் கட்டையால் அடித்து நொறுக்கி மீன் பெட்டியில் விரிப்பது சின்ன ரோசாவின் வேலை. பிறகு பள்ளிக்கூடம் நின்றது, ஐஸ் நிற்கவில்லை. பத்ரோசைக் கட்டிக்கொண்டதும் ஐஸ் மூலமாகத்தான். கரைக்கு வந்த வள்ளத்தில் மீனை அள்ளப் போனவள், "இந்த மீனுக்கு இவ்வளவு ஐசா இடுவீரு? பைத்தியமா உமக்கு?" என்று அவரைக் கேட்டாளாம். திட்டு வாங்கிய மனிதர் மறுநாள் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். ஒரே மகள் லிஷாவை வளர்த்துக் கட்டிக் கொடுத்ததும் அந்த ஐஸ் காசில்தான். பத்ரோசின் வருமானத்தைக் கடல் தீர்மானிக்கும். ரோசாவின் கூலியோ எல்லா நாளும் வரும்.

அவள் பேசினால் தெருமுனை வரை கேட்கும். கோபம் வந்தால் மலையாளம், பாசம் வந்தால் தமிழ், ஜெபத்துக்கு இரண்டும். சாப்பாட்டு நேரத்தில் யாருடைய பாத்திரத்தில் மீன் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் தன் பாத்திரத்தைத் திறப்பாள். பிரதீஷ் திரும்பிப் போகிற அன்று, நல்ல நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொடித்து ஒரு டப்பா நிறைய அவனிடம் கொடுத்தாள். "மலையில கஞ்சிக்குக் கூட்டிக்கோ மக்கா," என்றாள். ரயில் பெட்டி பூராவும் நாறும் என்று அவன் சொன்னதற்கு, "நாறட்டு. பக்கத்துல ஒருத்தனும் இருக்கமாட்டான், நீ நீண்டு நிமிந்து படு," என்றாள்.

அந்தப் பேச்சில் ஒரு பழைய வேதனை உண்டு என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மீன் வேலை முடிந்து அவள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், சிலர் எழுந்தே போவார்கள். எங்களிடம் வந்தபின் அவள் குளித்து, சேலை உடுத்து, பவுடர் போட்டு வர ஆரம்பித்தாள். பஸ்ஸில் ஒரு டீச்சர் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்ததை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐஸ் அறைக்குள் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தோம். பிளாஸ்டிக் நாற்காலிதான். ஆனால் அத்தனை வருஷம் அந்த அறைக்குள் போய் வந்தவள் ஒரு தரமாவது உட்கார்ந்தது கிடையாது. "மொதலாளி, நான் இருந்துகிட்டு சம்பளம் வாங்குதேன்னு சொன்னா எனக்க மாமியா கல்லறையில இருந்து எந்திச்சு வருவா," என்பாள்.

வேலை இதுதான். கோட்டுப் போட்டு, கையுறை மாட்டி, துப்பாக்கியை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார வேண்டும். அவ்வப்போது டிரிகரை இழுக்க வேண்டும். விரல் கடுத்தாலோ மரத்தாலோ கதவில் தட்ட வேண்டும். நான் வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே அவள் குறி பார்ப்பாள், யாரையோ சுடுவாள், கணவாய்ப் பெட்டியைப் பார்த்துச் சிரிப்பாள். தட்டவே மாட்டாள். கடைசியில் நான்தான் பொறுக்க முடியாமல் கதவைத் திறப்பேன்.

"தணுத்துதா அக்கா?"

"ஒரு தணுப்பும் இல்ல. நல்ல கிளவுசாக்கும்."

தடித்த துணிக்கும் இதே பதில், மெல்லிய துணிக்கும் இதே பதில். மெல்லியதில் விரல் வளையத்துக்குள் சுகமாகப் போகிறது, குளிரும் இல்லை என்றால் வேறு என்ன வேண்டும்? முதலாளிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ரோசா அக்காவை "டெஸ்டர் மேடம்" என்றே கூப்பிட ஆரம்பித்தார். மெல்லிய துணி சுருள் சுருளாக என் மேசைக்கு வந்தது. திங்கட்கிழமை காலையில் கத்தரி வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மடித்து வெட்டிவிட்டால் பிறகு அந்தத் துணி வேறு எதற்கும் ஆகாது. வெட்டியது வெட்டியதுதான்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது. மெல்லிய துணியில் தைத்த ஒரு ஜோடியைக் கடைசியாகப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று ரோசா அக்காவை அறைக்குள் அனுப்பினோம். வழக்கம்போல உட்கார்ந்தாள், சுட்டாள், சிரித்தாள். வெளியே வந்தாள். "ஒரு தணுப்பும் இல்ல மக்கா," என்றாள். நான் கையுறையை உருவினேன். சுட்டுவிரல் அறை சிக்கிக்கொண்டது. கொஞ்சம் இழுத்ததும் வந்தது. உள்துணி சிவப்பாக இருந்தது.

விரல் மூலையில் தையல் தடிக்கிற இடத்தில் ஒடிந்த ஊசியின் முனை. எங்கள் கூடத்தில் ஊசி ஒடிந்தால் முனையைக் கண்டுபிடிக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று சட்டம். அன்று ஜிஜி தேடியிருக்கிறாள், கிடைக்கவில்லை, தரையில் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள். அது ரோசா அக்காவின் விரலுக்குள் போயிருந்தது. டிரிகரை இழுக்க இழுக்க ஆழமாகப் போயிருக்கிறது. வெளியே மினுங்கிக்கொண்டிருந்தது ஒரு துளிதான்.

நான் அலறிவிட்டேன். அவள் அலறவில்லை. அடுத்த வீட்டுக்காரியின் கையைப் பார்ப்பது போலத் தன் விரலைப் பார்த்தாள்.

"பைய எடு மக்கா," என்றாள்.

நூல் எடுக்கிற சாமணத்தால் பிடித்து இழுத்தேன். அவள் "ஸ்" என்றுகூடச் சொல்லவில்லை.

"நோவலியா அக்கா?"

"தணுப்புல மரத்திருக்கும்," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. குளிரில் விரல் மரத்தது என்றால் அந்தக் கையுறை உதவாத கையுறை. இல்லை, கையுறை நல்லது என்றால், அந்த விரல் அறைக்குள் போகும் முன்பே மரத்த விரல். இரண்டில் எது உண்மையானாலும் இத்தனை நாள் அவள் சொன்ன "ஒரு தணுப்பும் இல்ல" ஒன்றுக்கும் ஆகாது. நான் அவளைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்தாள். உண்ணியின் ஆட்டோ வந்தது. பஸ் நிற்கிற இடத்தில் அவளை இறக்கிவிட்டோம்.

நான் அன்றே முதலாளியிடம் சொல்லியிருப்பேன். பொறுமை எனக்குக் கூடப் பிறந்தது அல்ல. ஆனால் இறங்கும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு அந்த வார்த்தை அவள் வாயில் இருந்துதான் வர வேண்டும் என்று தோன்றியது. திங்கட்கிழமை கத்தரியைக் கையில் எடுக்கும் வரை பார்ப்பது, அதற்குள் அவள் வாய் திறக்காவிட்டால் நான் திறப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் நடந்ததைப் பிற்பாடு அவளே சொன்னாள். பூசை முடிந்து வந்ததும் பத்ரோசை அடுக்களைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு சட்டியில் பச்சைத் தண்ணீர், ஒரு சட்டியில் வெந்நீர். "நான் கண்ண மூடிக்கிடுதேன். நீரு சட்டிய மாத்தி மாத்தி வையும். எது சூடுன்னு நான் சொல்லுதேன்." அவர் வைத்தார். அவள் விரலை விட்டாள். ஒரு சட்டியிலும் ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டு வரை முக்கியபோதுதான் சூடு தெரிந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் விரல்கள் சிவந்து கிடக்கின்றன. பத்ரோஸ் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்.

"ஏட்டி, எனக்குப் பண்டே தெரியும்," என்றாராம்.

"என்ன தெரியும்?"

"நீ கஞ்சிப் பானைய வெறுங்கையால எறக்கி வச்சப்போ தெரியும்."

"பின்ன எதுக்கு ஓய் சொல்லல?"

"சொன்னா? நீ ஐஸ விட்டுட்டு வீட்டுல இருப்பியா? கடல்ல மீனு இல்லாத அன்னு நம்ம அடுப்பு எதுல எரிஞ்சுது?"

அவள் அந்த மனிதரை மலையாளத்தில் வைத்து வாங்கியிருக்கிறாள். அன்று அவருக்கு மீன் துண்டு கிடையாது, வெறும் சாறுதான். அவர் அதையும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாராம்: "ரோசா, நாற்காலியில இருக்க யோகம் உனக்கு இப்பதான் கிட்டிச்சு. ஆருக்கும் தெரியாது. மிண்டாம, வாயத் தொறக்காம இரி."

"அந்த மனுசன் அதச் சொன்னப்போதான் மக்கா எனக்கு அழுக வந்து," என்றாள் என்னிடம். "எனக்கு வேண்டியாக்கும் அவரு அதச் சொன்னாரு. கள்ளம் சொல்லாத மனுசன்."

திங்கட்கிழமை நான் துணியை மேசையில் விரித்துச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ரோசா அக்கா வந்து நின்றாள். சேலை இல்லை. கைலியும் ஆண்பிள்ளைச் சட்டையும். இந்த வேலை போகும் என்று தீர்மானித்து, இங்கிருந்து நேரே மீன் கம்பெனிக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தாள். நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

"மொதலாளி, வெட்டாண்டாம்," என்றாள்.

ராஜதாஸ் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்ன மேடம், காலையிலேயே கமாண்டர் மாதிரி உத்தரவு?"

"எனக்க விரலுக்கு உணர்வு இல்ல. எத்தற காலமா இல்லன்னு எனக்கே தெரியாது. நான் நல்லதுன்னு சொன்னது ஒண்ணும் கணக்கு இல்ல."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளியின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. துணி வந்தாயிற்று, கம்பெனிக்குச் சொல்லியாயிற்று, இனி என்ன செய்வேன் என்று கத்தினார். கிளாஸை வைத்த வேகத்தில் டீ மேசையெல்லாம் சிந்தியது. அவள் குனிந்து அதைத் தன் சட்டைத் தும்பால் துடைத்தாள். அதைப் பார்த்து அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

"எதுக்கு இப்ப வந்து சொல்லுத? நீ மிண்டாம இருந்திருந்தா இது ஆருக்குத் தெரியப் போவுது?"

"ஆருக்கும் தெரியாது மொதலாளி. எனக்க விரலு போனது எனக்குத் தெரிஞ்சுதா? அதுபோல மேல இருக்க அந்தப் பயலுக்கும் தெரியாமத்தான் போவும்."

அவள் பிரதீஷின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய தேவையும் இல்லை. முதலாளி தன் கையைப் பார்த்தார், பிறகு மேசை மேலிருந்த துணியைப் பார்த்தார். "மடக்கி வை ஸ்வப்னா," என்றார். அவரை நான் அத்தனை நாள் திட்டிய திட்டில் பாதியை அன்று திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மிச்சப் பாதியை எடுக்க அவர் விடவில்லை. அன்று மத்தியானமே, "இனி ஒருத்தரையும் நம்பமாட்டேன், நானே போறேன்," என்று மெல்லிய துணிக் கையுறையை மாட்டிக்கொண்டு துப்பாக்கியோடு ஐஸ் அறைக்குக் கிளம்பிவிட்டார். ஏசி அறையில் ஜலதோஷம் பிடிக்கிற மனிதர். தனியாக விடப் பயமாக இருந்தது. ரோசா அக்காதான் கூடவே உள்ளே போனாள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முதலாளி நாற்காலியில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். டிரிகரை இழுத்தார். கொஞ்ச நேரத்தில் கால் ஆட ஆரம்பித்தது. பிறகு தாடை ஆடியது. ரோசா அக்கா குனிந்து ஏதோ கேட்க, அவர் ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டுகிறார். ஆண்பிள்ளை அல்லவா. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கு நுனி வெளுத்ததும் கேள்வி எதுவும் கேட்காமல் துப்பாக்கியைப் பிடுங்கிக் கணவாய்ப் பெட்டி மேல் வைத்து, அவரைச் சட்டைக் காலரில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

முற்றத்து வெயிலில் போட்டதும் விரலுக்கு உயிர் திரும்பியது. உயிர் திரும்பும்போதுதான் நோவு வரும். எங்கள் முதலாளி, பாறசாலை வியாபாரிகள் சங்கத்தில் மேடையேறிப் பேசுகிற முதலாளி, "அம்மோ, அம்மோ" என்று குதித்தார். மீன் கம்பெனிப் பெண்கள் எல்லாரும் வேலையை விட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி வெந்நீர் கொண்டு வந்தாள். ரோசா அக்கா அதில் கை விடப் போனவள், சட்டென்று நின்று என்னைப் பார்த்தாள். நான் விரல் விட்டுப் பார்த்து, சூடு அதிகம் என்றேன். பச்சைத் தண்ணீர் கலந்து பதமாக்கி முதலாளியின் கையை அதில் முக்கினோம்.

மெல்லிய துணி உதவாது என்பதை அதற்குமேல் யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தடித்த துணிதான் என்று முடிவாயிற்று. சுட்டுவிரலுக்கு மட்டும் மெல்லிய ஒரு விரல் வைத்து, சுடாத நேரத்தில் அதை உள்ளே மடக்கி மற்ற விரல்களோடு சேர்த்துக்கொள்ள ஒரு திறப்பும் விட்டோம். அந்தத் திறப்பைச் சரியாக வெட்டி எடுப்பதற்குள் நான் தலையால் தண்ணீர் குடித்தேன். கம்பெனி முதலில் முறைத்தது, பிறகு சம்மதித்தது. இதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்று வெயிலில், பேச்சு திரும்பியதும், ராஜதாஸ் அண்ணன் பல் கிட்டிக்கொண்டே சொன்னார்: "ரோசா, நீ அங்கோட்டும் இங்கோட்டும் போவாண்டாம். இனி அறைக்குள்ள ஆரு போனாலும் கூட நீ போவணும். நாங்க நல்லா இருக்குன்னு சொல்லுவோம். நீ மூஞ்சியப் பாத்து வெளியில இழுத்துப் போடு." அவள், "காலரப் பிடிக்கலாமா?" என்று கேட்டாள். "பிடி," என்றார். பெண்கள் சிரித்த சிரிப்பில் சுவரில் இருந்த காக்கைகள் பறந்தன.

இன்றுவரை அந்த வேலையில்தான் இருக்கிறாள். விரலைப் பார்க்கத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். நரம்பு செத்தது செத்ததுதான், மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்றார்கள். வீட்டில் பானை இறக்குவது இப்போது பத்ரோஸ். அவர் இறக்குகிற லட்சணத்தில் பாதிக் கஞ்சி அடுப்பில் இருக்கும் என்று அவள் சொல்வாள், ஆனால் சொல்லும்போது முகம் மலர்ந்திருக்கும்.

அன்றைக்கு எல்லாரும் கலைந்த பிறகு உண்ணியின் ஆட்டோவுக்காக நாங்கள் இரண்டு பேரும் முற்றத்துத் தென்னை மூட்டில் உட்கார்ந்திருந்தோம். வேலை போகாமல் இருந்ததில் சந்தோஷமாகத்தான் இருப்பாள் என்று நினைத்தேன். திடீரென்று இரண்டு கையையும் என் மடியில் கொண்டு வைத்தாள்.

"மக்கா, இதக் கொறச்சு பிடிச்சுப் பாரு. எனக்க கை தணுத்திருக்கா, சூடா இருக்கா?"

"எதுக்கு அக்கா?"

"நாளைக்கு லிஷா பிள்ளையக் கொண்டு வாறா. ஒரு மாசம்கூட ஆவல்ல. ஆஸ்பத்திரியில வச்சு நான் தொட்டப்போ அது ஒரேயடியா அழுதுது. பிள்ளைய விட்டுட்டேன். பின்ன எடுக்கல. எனக்க கை தணுப்பா இருந்துதோ என்னவோ. எனக்குத் தெரியாதே மக்கா."

நான் அந்தக் கைகளைப் பிடித்தேன். தடித்து, வெடித்து, சுட்டுவிரலில் ஊசி போன இடத்தில் கட்டுப் போட்டிருந்தது. இரண்டு உள்ளங்கையையும் என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூடாத்தான் அக்கா இருக்கு," என்றேன்.

"நெசமாக்கும்?"

"நெசமாக்கும். நல்ல சூடு. நீ பிள்ளைய எடு."